கொங்குக் கட்சிகளின் தோற்றமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்

கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வளர்ச்சிக்கான கட்சியா, சாதிக்கான கட்சியா? திருப்பூர் வட்டாரத்தில் வன்கொடுமை வழக்குகளை நடத்தும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அக்கட்சியின் தோற்றத்தை அறிந்தால், இவ்விரண்டும் அதனுள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பது விளங்கும்.

2009 மக்களவைத் தேர்தலுக்கு முன்னர், கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பேரவை என்ற சாதி அமைப்பிலிருந்து கொங்குநாடு முன்னேற்றக் கழகம் பிறந்தது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலதிபர் பெஸ்ட் ராமசாமி அதன் தலைவர், ஈ.ஆர்.ஈஸ்வரன் பொதுச்செயலாளர். தனித்துப் போட்டியிட்ட அத்தேர்தலில் கோவைத் தொகுதியில் ஈஸ்வரன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 2011இல் தி.மு.க. கூட்டணியில் தோல்வி, 2013இல் பிளவு. ஈஸ்வரன் தொடங்கிய கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2014இல் பா.ஜ.க. அணியிலும் 2019 முதல் தி.மு.க. அணியிலும் நின்றது. 2019, 2024இல் நாமக்கல்லிலும் 2021இல் திருச்செங்கோட்டிலும் உதயசூரியன் சின்னத்தில் வென்றது.

அணிகள் மாறினாலும் கருத்தியலின் அடித்தளம் மாறவில்லை. அதன் மையத்தில் நிற்பவர் நிலவுடைமை விவசாயியும் சிறுதொழில் முதலாளியும். பாசனத்துக்கும் தொழிலுக்கும் அரசு துணைநிற்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் சமூக உறவுகளில் சட்டம் தலையிடும்போது அது அத்துமீறலாகத் தோன்றுகிறது. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியும் கூட்டுறவுப் பண்ணைத் திட்டத்தைத் தனிமனித உரிமையின் பெயரால் எதிர்த்தது. அரசியல் மொழியில் இதனை மைய வலதுசாரிப் போக்கு என்பர்.

திருப்பூரின் கவுண்டர் முதலாளிகள் தம் உயர்வுக்குத் தம் உழைப்பையே காரணமாகக் கூறுவதை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர்கள் உழைத்தது உண்மை. ஆனால் கையில் நிலமும், கடன் கொடுக்க உறவினரும் இருந்தவரின் உழைப்பு ஒருவகை. அதே தோட்டத்தில் தலைமுறைகளாகப் பண்ணையாளாக இருந்த அருந்ததியரின் உழைப்பு வேறுவகை. முன்னது முதலீடாயிற்று, பின்னது கூலியோடு முடிந்தது. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் நிறைவேறியதும் இதே 2009ஆம் ஆண்டில்தான்.

கொங்குநாடு முன்னேற்றக் கழகம் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். குற்றம் சாட்டப்பட்டவர் முன்ஜாமீன் பெறுவதை அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு தடுக்கிறது. புகார் அளித்தவர் மறுநாளும் அதே ஊரில், அதே முதலாளியிடம் வேலைக்குச் செல்ல வேண்டியவர். மிரட்டிப் பணியவைக்கும் அவகாசத்தை எதிர்த்தரப்புக்கு அளிக்கலாகாது என்பதே அப்பிரிவின் நோக்கம்.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது, நாடெங்கும் எழுந்த போராட்டத்தின் விளைவாக நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. முகாந்திரமே இல்லாத வழக்கில் முன்ஜாமீன் வழங்கத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே பொய்வழக்கு என்னும் அச்சத்துக்குச் சட்டத்துக்குள்ளேயே விடை இருக்கிறது; திருத்தத்துக்குத் தேவையில்லை.

2024இல் நாமக்கல்லுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட வேட்பாளர், சாதி மறுப்புத் திருமணத்துக்கு எதிரான அவரது பழைய பேச்சு வெளிவந்ததும் மாற்றப்பட்டார். எதிர்ப்புக்குப் பலன் உண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் ஆளை மாற்றுவது வேறு, கொள்கையை மாற்றுவது வேறு.

சமூகநீதி பேசும் கூட்டணியின் சின்னத்தில் நிற்கும் கட்சி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவையும் தளர்த்தக் கோர மாட்டோம் என எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். சின்னத்தைக் கொடுப்போர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். இருவரிடமும் அதனைக் கேட்கும் உரிமை, அச்சின்னத்துக்கு வாக்களித்த நம் சேரிகளுக்கு உண்டு.