உஷார்! கக்குகிற குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

ஒன்பது மாதம் முடிந்தும் "பாபா", "தாதா" என்று ஓசையை அடுக்கிப் பேசும் மழலை வரவில்லை. பால் குடித்ததும் கக்கல், படுக்கவைத்தால் அழுகை, அடிக்கடி சளி. விசாரித்தால் வீட்டில் பதில் தயாராக இருக்கும்: "அவனுக்கு ரிஃப்ளக்ஸ் இருக்கு, உடம்பு தேறட்டும், அப்புறம் தானா பேசுவான்." அந்தப் பதிலை நம்பாதீர்கள். கக்கல் பேச்சைத் தடுக்காது. மழலை வரவில்லை என்றால் முதலில் சோதிக்க வேண்டியது காது.

"கக்குற பிள்ளை தக்கும்" என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை பச்சிளம் பருவத்தில் முழு வலுவோடு இருக்காது; குடித்த பால் மேலே ஏறும். இதைத்தான் ரிஃப்ளக்ஸ் என்கிறார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தினமும் ஒரு முறையாவது கக்குகிறார்கள். நான்காம் மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போகும். முதல் பிறந்தநாள் நெருங்கும்போது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் மிச்சம் இருக்கும். எடை கூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கக்குகிற குழந்தைக்கு மருந்தே தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், 'இது சாதாரணம்' என்ற அந்த நிம்மதி கக்கலோடு நிற்காமல் மற்ற எல்லாவற்றுக்கும் பரவிவிடுகிறது. படுத்தால் அழுகிறதா, ரிஃப்ளக்ஸ். காதைப் பிடித்து இழுக்கிறதா, ரிஃப்ளக்ஸ். ராத்திரி தூங்கவில்லையா, அதுவும் ரிஃப்ளக்ஸ். நடுக்காதில் சீழ் கோத்தாலும் இதே மூன்றும் வரும் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் இருக்கும். தொண்டைச் சளியும் கிருமியும் மேலேறிவரும் பாலும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பது எளிது. குழல் வீங்கி அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். இப்படித் தேங்கிய நீரில், இரைப்பையில் சுரக்கும் பெப்சின் என்ற செரிமானப் பொருள் இருப்பதை பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டு 2002-இல் 'லான்செட்' இதழில் எழுதியபோது பரபரப்பானது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. இரைப்பைச் சாறு காது வரை போகலாம் என்பது வரைக்கும் சரி. ரிஃப்ளக்ஸால்தான் காதில் நீர் சேர்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆகவே அமிலத்தைக் குறைக்கும் சிரப் கொடுத்தால் காது திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அந்த மருந்து கக்கலைக்கூட நிறுத்தாது. மேலே வரும் பாலின் புளிப்பை மட்டும் குறைக்கும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் டாம்பெரிடோன் சொட்டு மருந்து வாங்குகிற பழக்கம் அதைவிட மோசம். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதற்குக் கடும் கட்டுப்பாடு போட்டது.

காதில் நீர் தேங்கினால் பல சமயம் வலிக்காது, ஒழுகாது, காய்ச்சலும் இருக்காது. கேட்கும் திறன் மட்டும் 20, 30 டெசிபல் குறையும். சிலருக்கு 40 வரை போகும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்து அறைப் பேச்சைக் கேட்பதுபோல இருக்கும் அந்தக் குழந்தைக்கு. குரல் கேட்கும், சொல் பிரியாது. ஆ, ஓ போன்ற உயிரோசைகள் உரத்தவை, தப்பித்துவிடும். த், ப், ச் போன்ற மெல்லிய ஓசைகள் நழுவும். தமிழில் யார் செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. பேச்சு வழக்கில் 'வந்தான்' என்பதையும் 'வந்தா' என்பதையும் பிரிப்பது கடைசியில் வரும் ஒரு மூக்கோசைதான். அதைத் தெளிவாகக் கேட்காத குழந்தை எதைப் பிடித்துக் கற்கும்? இன்னொரு தொல்லை, இந்தக் குறை ஏறி இறங்கும். இந்த வாரம் திரும்பிப் பார்ப்பான், அடுத்த வாரம் பார்க்கமாட்டான். "வேணும்னே பண்றான்" என்று பெயர் வாங்கிக்கொடுத்துவிடும்.

வீட்டில் நடக்கும் சோதனைகள் எல்லாம் ஏமாற்றும். சமையலறையில் தட்டைப் போட்டால் தூக்கிவாரிப் போடுகிறது, அதனால் காது கேட்கிறது என்கிறார்கள். தட்டு விழும் சத்தம் பேச்சைவிடப் பல மடங்கு பெரிது. பாதிக் காது கேட்டாலும் குழந்தை பதறும். கைதட்டினால் காற்றும் நிழலும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். "ங்கா ங்கா என்று கொஞ்சுகிறானே" என்பது அடுத்த வாதம். முழுக்கக் காது கேளாமல் பிறந்த குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் கொஞ்சும். ஆறேழு மாதத்துக்குப் பிறகு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டத்தில்தான் வித்தியாசம் தெரியும். பிறந்தவுடன் செய்த ஸ்கிரீனிங்கில் 'பாஸ்' என்று எழுதியிருக்கிறதா? நல்லது. அது அன்றைய காது. நான்கு மாதம் கழித்துத் தேங்கிய நீரைப் பற்றி அந்தத் தாளுக்கு எதுவும் தெரியாது.

சில குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு ரிஃப்ளக்ஸ் அதிகம். பிறந்தவுடன் ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது, கடுமையான மஞ்சள் காமாலை, ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் என்று காது நரம்பைப் பாதிக்கும் காரணங்களும் அவர்களுக்குத்தான் சேரும். அந்தப் பாதிப்பு நீர் வற்றினாலும் போகாது. இவர்களுக்கு உட்காதை மட்டும் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை போதாது, நரம்பு வழியையும் பார்க்கும் 'பெரா' எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பால் மூக்கு வழியாக அடிக்கடி வருகிறதென்றால் வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணப்பிளவு சில நேரம் மேல்சவ்வுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது இருந்தால் நடுக்காதில் நீர் தேங்குவது அநேகமாக உறுதி. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் இதே எச்சரிக்கை.

வீட்டில் உடனே நிறுத்த வேண்டியவை உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்துப் பாட்டிலையோ பாலாடையையோ சங்கையோ வாயில் சாய்க்காதீர்கள். தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள், கொடுத்தபின் சிறிது நேரம் தோளில் நிமிர்த்தி வையுங்கள். தாய்ப்பால் காதுத் தொற்றைக் குறைக்கும். வீட்டில் பீடி, சிகரெட் புகை அதைக் கூட்டும். குளிப்பாட்டும்போது காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, சளி எடுக்கிறேன் என்று வாய்வைத்து ஊதுவது, தொக்கம் எடுப்பது எதுவும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆன குழந்தைகள் உண்டு. கக்குகிறது என்பதற்காகக் குப்புறப் போட்டுத் தூங்கவைப்பது உயிருக்கே ஆபத்து. கக்குகிற குழந்தையும் மல்லாந்துதான் தூங்க வேண்டும்.

பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி, பீய்ச்சியடிக்கும் வாந்தி, ஏறாத எடை, பால் குடிக்கும்போது மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. காதுக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஆனால் காலக்கெடு உண்டு. ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை, ஒன்பது மாதத்தில் பெயருக்குத் திரும்பவில்லை அல்லது அடுக்கு மழலை இல்லை, ஒரு வயதில் பொருளோடு ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் ஆடியாலஜிஸ்டிடமும் போங்கள். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்பதை டிம்பனோமெட்ரி சொல்லும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அதை 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் செய்ய வேண்டும். வழக்கமான 226 ஹெர்ட்ஸில் எடுத்தால் நீர் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். நீர் இருந்தால் பெரும்பாலும் மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பார்கள், பலருக்குத் தானே வற்றும். அதற்கு ஆன்டிபயாட்டிக், அலர்ஜி மருந்து என்று எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். வற்றாமல் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் செவிப்பறையில் குட்டிக் குழாய் வைப்பது பற்றிப் பேசுவார்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி.) இந்தச் சோதனைகளுக்கு வழி செய்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். கண்டுபிடித்தது நிரந்தரக் குறை என்றால், தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைக்கு உதவுகிறது. அதற்கு வயது வரம்பு ஆறு. பலன் முழுமையாக வேண்டுமானால் இரண்டு வயதுக்குள்ளேயே போய்விடுங்கள்.