ரேம் ஓவர்கிளாக்கிங்கால் ஏற்படும் மறுதொடக்கத் தோல்வி

கணினி காலையில் ஒழுங்காக எழுகிறது, நாள் முழுவதும் வேலை செய்கிறது, ஆனால் 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும் திரை கறுப்பாக நின்றுவிடுகிறது. மின்விசிறிகள் சுற்றும். விசைப்பலகை விளக்கு எரியும், அல்லது எரியாமலும் போகும். தாய்ப்பலகையின் ஓரத்தில் 'டிராம்' என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு அணையாமல் இருக்கும். ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மீண்டும் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துவிடும். அசெம்பிள் செய்யப்பட்ட மேசைக் கணினிகளில் இந்தக் குறைக்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று, நினைவகம் அதன் தர வேகத்தைத் தாண்டி ஓடும்படி பயாஸில் அமைக்கப்பட்டிருப்பது. இதையே ரேம் ஓவர்கிளாக்கிங் என்கிறோம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவில் இந்தக் குறையை அடையாளம் காண்பது சற்றுக் கடினம். மின்தடை, குறைந்த மின்னழுத்தம், கோடை வெப்பம், அறுவடைக்காலத் தூசி ஆகிய நான்கும் ஏறத்தாழ இதே அறிகுறிகளைக் காட்டும். எனவே ரேமில் இருக்கும் குறைக்கு யுபிஎஸ்ஸை மாற்றுவதும், மின்சாரத்தில் இருக்கும் குறைக்கு ரேமை மாற்றுவதும் இங்கே வழக்கமாக நடக்கின்றன.

தெரியாமலே ஓவர்கிளாக்கிங்

"நான் எதையும் மாற்றவில்லையே" என்றுதான் பெரும்பாலான பயனர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ரேமின் பெட்டியில் 3200 அல்லது 3600 என்று எழுதியிருக்கிறது. ஆனால் பயாஸை இயல்புநிலையில் விட்டால் அதே ரேம் 2133, 2400 அல்லது 2666-ல் ஓடும். பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் உற்பத்தியாளர் உறுதியளிக்கும் ஓவர்கிளாக் வேகம். அதைப் பெறப் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற சுயவிவரத்தை இயக்க வேண்டும். இது இன்டெல் நிறுவனம் 2007-ல் டிடிஆர்3 நினைவகத்துக்காகக் கொண்டுவந்த முறை. ஏஎம்டி நிறுவனம் டிடிஆர்5-க்காக 2022-ல் எக்ஸ்போ என்ற தன் முறையை வெளியிட்டது. கணினியைப் பூட்டித் தருபவர், வாடிக்கையாளர் காசு கொடுத்த வேகம் கிடைக்கட்டும் என்று இதை இயக்கித் தருவது நியாயமான செயல்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தரவேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2005-ல் எழுதிய குறிப்பு ஒன்று இத்துறையில் பலருக்கும் தெரிந்தது. விண்டோஸ் செயலிழப்பு அறிக்கைகளில் சில, எந்த நிரல்பிழையாலும் விளக்கமுடியாதவையாக இருந்தன. தோல்வியடையவே வாய்ப்பில்லாத கட்டளைகளில் கணினி நின்றிருந்தது. அந்தப் பயனர்களிடம் விசாரித்தபோது பலருடைய கணினிகள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. கடையிலேயே அப்படி மாற்றி விற்கப்பட்டதை அறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தர வேகங்களை வகுப்பது ஜெடெக் என்ற அமைப்பு. அதன்படி டிடிஆர்4 நினைவகம் 1.2 வோல்ட்டில் இயங்குகிறது. எக்ஸ்எம்பி இயங்கினால் இது பொதுவாக 1.35 வோல்ட் ஆகிறது. டிடிஆர்5-ன் தர அளவு 1.1 வோல்ட். ரேம் தாங்கினாலும் செயலி தாங்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நினைவகத்தை இயக்கும் கட்டுப்படுத்தி இப்போது தாய்ப்பலகையில் இல்லை, செயலிக்குள்ளேயே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ5-10400 செயலிக்கு அதிகாரபூர்வ வேகம் 2666 மட்டுமே. அதனுடன் 3600 ரேமைப் பூட்டி, அனுமதிக்கும் தாய்ப்பலகையில் எக்ஸ்எம்பியை இயக்கினால், ரேம் தன் உறுதிமொழிக்குள் இருக்கும். செயலி தன் எல்லைக்கு வெளியே போய்விடும்.

மறுதொடக்கத்தில் மட்டும் ஏன்?

3200 வேகத்தில் ஓர் இருமத்துக்குக் கிடைக்கும் நேரம் 312.5 பைக்கோநொடி. ஒளிகூட அந்த நேரத்தில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது. இவ்வளவு குறுகிய இடைவெளியில், ரேமிலிருந்து வரும் சமிக்ஞையை எந்தக் கணத்தில் படித்தால் பிழையில்லாமல் கிடைக்கும் என்பது ஒவ்வொரு கணினியிலும் மாறுபடும். அதனால் கணினி எழும்போது பயாஸ் வெவ்வேறு நேர அளவுகளை முயன்று பார்த்து, பொருந்துவதைத் தேர்ந்துகொள்கிறது. இதற்கு நினைவகப் பயிற்சி, அதாவது மெமரி டிரெய்னிங், என்று பெயர். டிடிஆர்5 கணினிகளை முதன்முறை இயக்கும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருப்பது இதனால்தான். பயந்துபோய் நடுவில் அணைத்துவிடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் கணினி எழத் தாமதமாகும். அதனால் பல தாய்ப்பலகைகள் முதலில் கிடைத்த அளவுகளைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அப்படியே பயன்படுத்துகின்றன. இன்டெல் பலகைகளில் இது 'மெமரி ஃபாஸ்ட் பூட்' போன்ற பெயர்களில் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 பலகைகளில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர்' என்று இருக்கும். தர வேகத்தில் பழைய அளவுகள் பொருந்தப் போதிய இடமிருக்கும். ஓவர்கிளாக் வேகத்தில் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. காலையில் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவு, பிற்பகலில் சூடேறிய ரேமுக்குப் பொருந்தாமல் போகலாம். மறுதொடக்கத்தின்போது ரேமுக்கு மின்சாரம் நிற்பதில்லை. முந்தைய நிலையிலிருந்தே அது தொடரவேண்டியிருக்கிறது. முழுதாக அணைத்துப் போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்குவதால் கணினி எழுந்துவிடுகிறது.

வெப்பத்தின் பங்கு இத்துடன் முடிவதில்லை. டிராம் நினைவகத்தில் ஒவ்வொரு இருமமும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்4-ல் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசிவு கூடுவதால், புதுப்பிக்கும் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கிறது தர வரையறை. மே மாதத்தில் தஞ்சையில் வெளி வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் நாளில், ஓட்டுக்கூரை அல்லது மொட்டைமாடி அறையில், சுவரோடு ஒட்டிவைத்த பெட்டிக்குள் ரேம் எவ்வளவு சூடாகும் என்று எண்ணிப் பாருங்கள். தை மாதம் வாங்கியபோது நன்றாக ஓடிய கணினி சித்திரையில் தகராறு செய்வதற்கு இது போதும்.

விண்டோஸ் பயனர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், 'ஷட்டவுன்' என்பது முழு அணைப்பு அல்ல. இயங்குதளத்தின் கருப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்படுகிறது. 'ரீஸ்டார்ட்'தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. அதனால் மறுதொடக்கத்தில் மட்டும் வரும் சிக்கல் சில நேரம் டிரைவர் குறையாகவும் இருக்கலாம். பிரித்தறிவது எளிது. தாய்ப்பலகை நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுவதற்கு முன்பே நின்றால் வன்பொருளைச் சந்தேகிக்கலாம்; சின்னம் தோன்றிய பிறகு நின்றால் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

மின்சாரமா, ரேமா?

பயனர் தானே 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போது மின்சாரம் தடைபடுவதில்லை. அப்போது மட்டும் தோல்வி என்றால் மின்வாரியத்தைக் குறை சொல்வதற்கில்லை. மாறாக, வேலை நடுவே மின்சாரம் மினுங்கும்போதும் இன்வெர்ட்டருக்கு மாறும்போதும் கணினி தானாக அணைந்து எழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸையும் இன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் மின்சாரம் நின்ற பிறகும் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் என்று அமைத்த வீட்டு இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறக்கூடும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருப்பதை வைத்து மின்சாரக் குறை என்று முடிவுகட்டக் கூடாது. முறையாக அணையாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

சரிசெய்யும் முறை

முதலில் பயாஸை இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும். கணினி எழுகிறது என்றால் பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பியை நிறுத்தினால் போதும். எழவே மறுத்தால் சிமாஸ் அமைப்புகளை அழிக்க வேண்டும்: மின்கம்பியைக் கழற்றி, ஆற்றல் பொத்தானைச் சில நொடி அழுத்தி, தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் பத்து நிமிடம் வெளியே எடுத்துவைக்க வேண்டும், அல்லது கையேட்டில் காட்டியுள்ள இரு முனைகளை இணைக்க வேண்டும்.

இதைச் செய்யுமுன் ஒரு முக்கிய எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் வட்டு பிட்லாக்கரால் மறையாக்கப்பட்டிருக்கும். சிமாஸை அழித்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் வட்டில் உள்ளவை கிடைக்காது. கணினி எழும் நிலையில் இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அதை எடுத்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆய்வேட்டை முடிக்கும் மாணவருக்கு ரேமின் விலையைவிட இதுவே பெரிய இழப்பு. கணினியின் தேதியும் பின்னோக்கிப் போயிருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். பொதுச் சேவை மையக் கணினி என்றால் அன்றைய வேலையே நின்றுவிடும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வரிசை நிற்கும் நவம்பர் நாட்களில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இயல்புநிலையில் இரண்டு மூன்று நாள், வெயில் நேரத்திலும் சேர்த்து, பலமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். குறை மறைந்தால் காரணம் ஓவர்கிளாக்கிங்தான் என்று கொள்ளலாம். மறையாவிட்டால் மெம்டெஸ்ட்86+ என்ற கட்டற்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கி இரவு முழுதும் சோதிக்கவேண்டும். இதில் 'ஒன்றிரண்டு பிழை பரவாயில்லை' என்ற பேச்சே கிடையாது. ஒரு பிழை வந்தாலும் குறைதான். பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகப் பூட்டிச் சோதியுங்கள். ஒரே ரேம் என்றால் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் பூட்டவேண்டும். இரண்டு என்றால் இரண்டாவதிலும் நான்காவதிலும். நான்கு துளை உள்ள பெரும்பாலான பலகைகளுக்கு இது பொருந்தும் என்றாலும் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

ரேமைக் கழற்றும்போது அதன் பொன்முலாம் பூசிய முனைகளை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்ததும் பல கணினிகள் எழுந்துவிடுகின்றன. ஆனால் பாதிப் பெருமை ரப்பருக்கு அல்ல, கழற்றிப் பூட்டியதற்கே சேரும். மெல்லிய முலாம் ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். நெல் அரைவை ஆலைக்குப் பக்கத்தில் உள்ள கடைகளில் துளைகளுக்குள் தூசி சேர்ந்திருக்கும். அதையும் ஊதி எடுக்க வேண்டும்.

காரணம் ஓவர்கிளாக்கிங் என்று உறுதியானபின் வேகம் வேண்டுமா என்பதே கேள்வி. சிலர் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். டெல்டாவின் கோடையில் அது சூட்டைத்தான் கூட்டும். வேகத்தை ஒரு படி குறைப்பதே என் பரிந்துரை. 3600-ல் தகராறு செய்யும் ரேமை எக்ஸ்எம்பியில் வைத்துக்கொண்டே 3200 என்று மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இழப்பும் பெரிதல்ல. சிஎல்16 உள்ள 3200 ரேமும் சிஎல்18 உள்ள 3600 ரேமும் முதல் தரவைத் தர எடுத்துக்கொள்வது ஒரே 10 நானோநொடிதான். தமிழ்த் தட்டச்சுக்கும் கணக்கு விரிதாளுக்கும் இணையப் படிவத்துக்கும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் ஓரளவு தெரியும். வேகத்தை விட மனமில்லாதவர்கள், சேமித்த பயிற்சி அளவுகளைப் பயன்படுத்தும் அமைப்பை நிறுத்திப் பார்க்கலாம். கணினி எழச் சற்று நேரமாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுக்கும்.

புதிய பயாஸ் பதிப்புகள் நினைவகப் பொருத்தத்தைப் பெரிதும் மேம்படுத்துவதுண்டு, குறிப்பாக டிடிஆர்5-ல். ஆனால் பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, யுபிஎஸ் இணைப்புடன், மழையில்லாத நாளில் செய்யவேண்டிய வேலை அது. ஐப்பசி அடைமழையில் வேண்டாம்.

தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் போன்றவற்றில் இந்த அமைப்புகள் பயனருக்குத் திறந்திருப்பதில்லை. அவற்றில் மறுதொடக்கம் நின்றால் வேறு காரணம் தேடவேண்டும்.

சரிசெய்த பிறகும் எஞ்சுவது

மறுதொடக்கத் தோல்வி ஒருவகையில் நல்ல அறிகுறி. குறை வெளிப்படையாகத் தெரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இருமம் மாறி, அது அப்படியே கோப்பில் எழுதப்பட்டால் யாருக்கும் தெரியாது. 2022 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மேசைக் கணினியில் ஒரு ரேம் கெட்டு, அவர் வேலை தாமதமானது. அது ஓவர்கிளாக்கிங்கால் வந்ததல்ல என்றாலும், அவரே முதலில் கர்னலில்தான் பிழையோ என்று சந்தேகித்தார். எனவே குறை சரியானதும் அந்தக் காலத்தில் எழுதிய முக்கியக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். சுருக்கப்பட்ட கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள். விண்டோஸின் கோப்புச் சரிபார்ப்பை ஒருமுறை ஓட்டுங்கள். பழைய காப்புப்பிரதி இருந்தால் அதன்மேல் புதியதை உடனே எழுதிவிடாதீர்கள்.

இயல்பு வேகத்திலேயே மெம்டெஸ்டில் பிழை காட்டும் ரேமை எந்த அமைப்பும் சரிசெய்யாது. பல உற்பத்தியாளர்கள் ரேமுக்கு நீண்டகால உத்தரவாதம் தருகிறார்கள். கடை ரசீதும் ரேம்மேல் ஒட்டிய வரிசை எண்ணும் சேதமின்றி இருக்கவேண்டும். இணையாக வாங்கியதில் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே திருப்பி அனுப்பச் சொல்லக்கூடும். மாற்று வரும்வரை ஓட்டக் கடையில் ஒரு 4 ஜிபி ரேமை இரவல் கேட்டுவையுங்கள்.