கணினி இயங்க மறுத்தால்…

சிறு வணிகர்களான நம் வாடிக்கையாளர் பலருக்கு இன்று மேசைக் கணினியே கணக்கேடு. சரக்கு விவரம், ஜிஎஸ்டி, வரவேண்டிய பாக்கி அனைத்தும் அதில் அடக்கம். அது அடிக்கடி நின்று, ஒருநாள் இயங்கவே மறுத்தால் என் செய்வது?

எளியதிலிருந்து தொடங்குவோம். மின்இணைப்பைச் சுவர் பிளக்கில் நேரடியாகக் கொடுத்தால், பழுது யுபிஎஸ்ஸிலா கணினியிலா என்பது புலப்படும். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து தூசியை அகற்றுவோம். விசிறி அடைபட்டால், சூடேறிய கணினி தானே நின்றுவிடும். ரேம் அட்டையைக் கழற்றி மீண்டும் பொருத்துவதும் பல வேளைகளில் பயன் தரும்.

இவற்றால் பயனில்லையெனினும் கலங்க வேண்டா. ஹார்டு டிஸ்க் நலமாக இருந்தால், அதைப் பிறிதொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். டிஸ்கிலிருந்து 'டக் டக்' ஒலி எழுந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து முயல்வது சேதத்தைப் பெருக்கும்.

நமக்கு எளிதான அவ்வழி பிறருக்கும் எளிதே. ஆகவே, பழுதுபார்க்கக் கொடுக்குமுன் வேறொரு சாதனத்திலிருந்து இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். திரையில் தோன்றும் 'உதவி எண்'ணை அழைக்காதீர்கள். அறியாதவர் தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதிக்காதீர்கள். ஏமாற்றத்தால் பணம் இழந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

பழுது வருமுன்னரே, வாரம் ஒருமுறை கணக்குகளை வெளிப்புற டிஸ்கில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வைப்போம்.