மூன்றாவது துவாரம்

உங்கள் வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் குழந்தை இருக்கிறதா? அப்படியானால், சீட்டுக்கட்டைவிடச் சற்றுச் சிறியதாய், நீல நிறத்தில், இரு ஓரங்களிலும் வரிசையாகத் துவாரங்களுடன் ஒரு பலகை மேஜைமேல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "தொடாதே அம்மா!" என்ற அதட்டலும் கிடைத்திருக்கும். அதன் பெயர் ஆர்டுயினோ.

பெயர் விசித்திரமாக இருக்கிறதல்லவா? இத்தாலியில் இவ்ரேயா என்று ஓர் ஊர். ஒலிவெட்டி டைப்ரைட்டர் பிறந்த ஊர். அங்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், மின்சார சாஸ்திரம் படிக்காத மாணவர்களும் கையாளட்டும் என்று 2005-ஆம் வருஷம் இதைச் செய்தார்கள். தாங்கள் கூடிப் பேசும் மதுக்கடையின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். அந்தக் கடைக்கோ, 1002-ஆம் வருஷம் முடிசூடிய ஆர்டுயின் என்ற ராஜாவின் பெயர்! ராஜாவிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து பலகைக்கும் வந்த பெயர், இப்போது எங்கள் பட்டினப்பாக்கம் வரை வந்து ஒரு வீட்டையே அழ வைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கடலைப் பார்த்த எங்கள் குடியிருப்பில், எனக்கு எதிர் வீட்டுப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் 'கீ' என்று அலறும் கருவி ஒன்றைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகச் செய்துகொண்டிருந்தாள். குழுவில் மற்ற மூவரும் பையன்கள். கம்பி இணைக்கும் வேலையை இவள்தான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்காட்சிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணிக்கு அழுகைச் சத்தம் கேட்டுப் போனேன்.

"மாமி, போச்சு! சாயங்காலம் புரோகிராமை ஏற்றினபோது கம்ப்யூட்டர் 'முடிந்தது' என்று சொல்லிற்று. கம்பியெல்லாம் மாட்டினேன். அப்புறம் மூச்சே இல்லை. மறுபடி ஏற்றினால் 'நாட் இன் ஸிங்க்' என்று பத்துத் தடவை திட்டுகிறது."

பலகையில் பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அவள் அப்பா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கடல் காற்று! ஜன்னல் கம்பியையே தின்கிறது, இது எம்மாத்திரம்? நாளைக்கு ரிச்சி தெருவில் வேறே வாங்கிக்கலாம்."

நாளைக்கு வாங்கி என்ன பயன்? காலை ஒன்பது மணிக்குக் கண்காட்சி! பலகை செத்தது என்றால் பழி யார் தலையில் விழும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா?

அவள் அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏண்டி, நூல் அறுந்தால் நான் மிஷினை விற்றுவிடுகிறேனா? நூலை மொத்தமாக உருவிவிட்டு முதலிலிருந்து கோக்கிறேன். இதிலே இருக்கிற கம்பியெல்லாம் எடு."

பெண் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள். வெறும் பலகையைக் கம்ப்யூட்டரில் மாட்டி, 'பிளிங்க்' என்ற பாலபாடத்தை ஏற்றினாள். ஆர்டுயினோ மென்பொருளோடு உதாரணமாகவே வருவது அது. பலகையிலேயே 'எல்' என்று எழுதிய குட்டி விளக்கு ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும், அவ்வளவுதான். ஏற்றியதும் அது கண் சிமிட்டிற்று! எனக்கே மயிர்க்கூச்செறிந்தது என்றால் பாருங்கள். பலகை சாகவில்லை, கேபிளும் சரி, கம்ப்யூட்டரும் சரி. அப்படியானால் கோளாறு கம்பிகளில்தானே இருக்க வேண்டும்?

"இனி ஒவ்வொன்றாக மாட்டு" என்றார் அம்மா. ஒவ்வொரு தடவையும் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு கம்பி, பிறகு மின்சாரம். ஐந்து கம்பி வரையில் விளக்கு சிமிட்டிற்று. ஆறாவது, ஒரு கறுப்புக் கம்பி. விளக்கு அணைந்தது. எடுத்தால் சிமிட்டல், மாட்டினால் மௌனம்.

அந்தக் கம்பி 'ஜி.என்.டி.' என்ற துவாரத்துக்குப் போக வேண்டியது. பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த தாளில் 'மூன்றாவது துவாரம்' என்று இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது? இவளிடம் இருந்தது 'ஊனோ' ரகத்தில் மூன்றாம் பதிப்பு. அதில் மின்சாரத் துவாரங்கள் எட்டு. 'வின்' என்ற கோடியிலிருந்து மூன்றாவது ஜி.என்.டி.; மறு கோடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது 'ரீஸெட்'! இந்த வேடிக்கையை என்னவென்று சொல்வது?

ரீஸெட் என்பது பலகையை முதலிலிருந்து தொடங்கச் செய்யும் துவாரம். அதை ஜி.என்.டி.யோடு சேர்த்தால், ரீஸெட் பொத்தானை அமுக்கியபடியே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மூளைச் சில்லு விழித்துக்கொள்ளவே முடியாது. ஆகவே ஏற்றிய புரோகிராமும் ஓடாது, புதிதாக ஏற்ற வரும் கம்ப்யூட்டருக்குப் பதிலும் வராது. பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்துக் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் பலகைக்கு இதனால் சேதம் எதுவும் கிடையாது. சாயங்காலம் ஏற்றிய புரோகிராம்கூட உள்ளே பத்திரமாகவே இருந்தது; மின்சாரம் போனாலும் அது அழியாது.

உங்கள் வீட்டுப் பலகையும் இப்படி மௌன விரதம் இருந்தால், கம்பிகளை எடுத்துவிட்டு முதலில் பிளிங்க் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் ஏறவில்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். டிராயரில் கிடக்கும் கேபிள்களில் சில, சார்ஜ் ஏற்ற மட்டுமே பிறந்தவை. உள்ளே செய்தி கொண்டுபோகும் இரண்டு இழைகள் இருக்காது. பச்சை விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்குப் பலகை இருப்பதே தெரியாது. நல்ல படித்தவர்களையும் இது மணிக்கணக்கில் ஏமாற்றுகிறது! கேபிள் சரியென்றால் மென்பொருளில் 'போர்ட்' சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா, 'போர்டு' வரிசையில் உங்கள் ரகத்தின் பெயர்தானா என்று பார்க்க வேண்டும். விலை மலிந்த நகல் பலகைகள் பலவற்றில் 'சி.எச்.340' என்ற சில்லு இருக்கும்; சில கம்ப்யூட்டர்களில் அதற்குத் தனி 'டிரைவர்' போட வேண்டியிருக்கிறது. 'நானோ' என்ற குட்டி ரகமானால், 'பழைய பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் அடம் விட்டுவிடுவது உண்டு. ஊனோவில் 0, 1 என்ற துவாரங்களில் கம்பி இருக்கும்போது புரோகிராம் ஏறச் சண்டித்தனம் செய்யலாம். கம்ப்யூட்டரோடு பேசும் வழியே அவைதான். ஏற்றும்போது மட்டும் அவற்றைக் கழற்றிவிடுவது நல்லது.

பச்சை விளக்கே மங்கிவிட்டதா? உடனே கேபிளைப் பிடுங்குங்கள். எங்கோ 5 வோல்ட்டும் ஜி.என்.டி.யும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இதில் மட்டும் தாமதம் கூடாது.

எதிர் வீட்டுக் கருவி கண்காட்சிக்குப் போய்த் திரும்பி, இப்போது எங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கிறது. சென்ற வாரம் அலறாமல் இருந்துவிட்டது. போய்ப் பார்த்தால், தொட்டிக்குள் தொங்கும் இரண்டு செப்புக் கம்பிகளில் ஒன்று பச்சை பிடித்து இளைத்திருந்தது.

"நான் அப்போதே சொன்னேனே, கடல் காற்று!" என்றார் அப்பா, வெற்றிக் களிப்போடு.

"இல்லை அப்பா, அது தண்ணீருக்குள்ளே ஓயாமல் மின்சாரம் போவதால் கரைகிறது. பார்க்கிற நேரத்துக்கு மட்டும் மின்சாரம் போகும்படி புரோகிராமை மாற்றப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் புதுக் கம்பி வெட்ட அம்மாவின் தையல் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு போனாள். அதற்குக் கிடைத்த திட்டு மூன்று மாடிக்கும் கேட்டது.