உங்களுக்குத் தெரியுமா? கல் இங்கே, கல்லறை அங்கே!

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். ஆனால் பெரும்பாலான கற்களுக்கு அடியில் யாரும் புதைக்கப்படவில்லை!

● பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றப் பகுதியில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துத் தள்ளினர். பெயர் பொறித்த பலகைக் கற்கள் மட்டும் தேவாலய வாசலுக்கு வந்து சேர்ந்தன. இறந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள், பாவம்.

● ஹைதர் அலியுடனான போரின்போது இதே கற்களைப் பெயர்த்து, கோட்டை மதில்மேல் பீரங்கிகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். பிறகுதான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

● 1652ஆம் ஆண்டைக் குறிக்கும் எலிசபெத் பேக்கரின் கல்லைத் தவறாமல் தேடிப் பாருங்கள். மதராஸுக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்தவர் அவர். லத்தீன், போர்த்துகீசிய, ஆர்மேனியக் கல்வெட்டுகளும் உண்டு. எழுத்து தேய்ந்துவருகிறது, மிதிக்காமல் ஓரமாக நின்று படியுங்கள்.

● பழைய இடுகாட்டில் இடிபடாமல் தப்பியவற்றில் ஒன்று, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கோபுரம்போல் கூம்பி நிற்கும் கல்லறை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட் அதில்தான் உறங்குகிறான்.