வட்டு பெரிதானது, இடம் எங்கே?

மாணவர்களே, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் மெய்நிகர் கணினி. அதன் வட்டு என்பது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான்.

என் கணினி மன்ற மாணவர்கள் விர்ச்சுவல்பாக்ஸில் 20 ஜிகாபைட் வட்டை 40 ஆக்கினார்கள். உள்ளே இருந்த லினக்ஸோ பழைய அளவையே காட்டியது. இடத்தை விரிக்க அவர்கள் எழுதிய ஸ்கிரிப்டும் ‘முடிந்தது’ என்றது!

வட்டை நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகிர்வு அதில் போட்ட வேலி. கோப்பு முறைமை வேலிக்குள் போட்ட பாத்திகள். நிலத்தைக் கூடுதலாக வாங்கினால் வேலி தானாக நகராது. முதலில் வேலி, பிறகு பாத்தி.

‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையைத் தட்டினோம். வட்டு 40 தான். ஆனால் முதன்மைப் பகிர்வை ஒட்டி ஒரு சிறிய ஸ்வாப் பகிர்வு நின்றது. காலியிடம் அதற்கும் அப்பால். பகிர்வு தன்னை ஒட்டிய காலியிடத்துக்குள் மட்டுமே வளரும். ‘குரோபார்ட்’ கட்டளை “மாற்றம் இல்லை” என்று சொல்லியும், ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிழையை மறைக்கும் ஸ்கிரிப்டைவிடப் பாதியில் நின்றுவிடும் ஸ்கிரிப்ட் எவ்வளவோ மேல் என்பேன்.

மெய்நிகர் கணினியை அணைத்து, வட்டுக் கோப்பை நகலெடுத்தோம். இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு ஸ்வாப்பை நிறுத்தி, அந்தப் பகிர்வை நீக்கி, முதன்மைப் பகிர்வையும் அடுத்துக் கோப்பு முறைமையையும் விரித்தோம். ஸ்வாப்புக்கு ஒரு கோப்பே போதுமாக இருந்தது. ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் பழைய ஸ்வாப் வரியையும் அழித்துவிடுங்கள். இல்லையேல் அடுத்த முறை தொடங்கும்போது, இல்லாத பகிர்வுக்காக லினக்ஸ் காத்துக்கொண்டிருக்கும்.