உடைந்த ஸ்பிரிங்கைத் தூக்கி எறியாதீர்கள்

நம் பிள்ளைகள் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பது பெரும்பாலும் மெரீனாக் கடற்கரையிலோ, சொந்த ஊர்த் தேர்த் திருவிழாவிலோ, பலூன் சுடும் கடையில்தான். பத்துக் குண்டுக்கு ஐந்து பலூன் உடைந்தால் பையனுக்கு அன்று தூக்கம் வராது. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்ற பிறகு இந்த ஆசை இன்னும் வளர்ந்தது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றபோது, வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களெல்லாம் தங்கள் வீட்டுப் பெண்ணே வென்றதுபோல் மகிழ்ந்தன.

ஆனால் அவர்கள் சுடும் போட்டித் துப்பாக்கி வேறு. பலூன் கடையிலும் வீட்டுப் பரணிலும் இருக்கும் ஏர் கன் வேறு. முன்னதில் அழுத்திய காற்றைச் சிறு உருளையில் அடைத்து வைத்திருப்பார்கள். பின்னது ஸ்பிரிங் என்று நாம் சொல்லும் சுருள்வில்லின் விசையால் இயங்குவது. ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்பில் பல ஆண்டுகள் ஸ்பிரிங்குகளோடு பழகியவன் என்ற முறையில், இந்த இரண்டாவது வகையைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். எழுதத் தூண்டியது எங்கள் தெருவில் நடந்த ஒரு விபத்து.

ஜீவனஹள்ளியில் நடந்தது

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு குடும்பம். இரண்டு தலைமுறைக்கு முன் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டுப் பையனுக்கு வயது 14. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனவன், பாட்டனார் பரணில் போட்டிருந்த பழைய ஏர் கன்னைக் கேட்டு வாங்கி வந்தான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, ட்ரிகரும் இழுக்கக் கடினமாக இருந்தது. தந்தையார் அதைப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தார். ஒரு வாரத்தில் புது ஸ்பிரிங்கோடு, தொட்டாலே சுடும் ட்ரிகரோடு திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் மொட்டை மாடியில் பையன் குழலை மடக்கி, குண்டை வைத்துக்கொண்டிருந்தான். ட்ரிகரை யாரும் தொடவில்லை. உள்ளே இருந்த கொக்கி தானாக நழுவியது. மடங்கியிருந்த குழல் படாரென்று எழும்பி மூடிக்கொண்டது. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் தந்தையார் என்னிடம் வந்தார். "கம்பெனிக்காரன் மேல கேஸ் போடணும் சார். நீங்க ஸ்பிரிங்கோடயே இருந்தவர். ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்றார்.

"தம்பி, முதல்ல கழற்றின பழைய ஸ்பிரிங்கைக் கொண்டு வாங்க" என்றேன்.

"அதைக் கடைக்காரர் பழைய இரும்புல போட்டுட்டாராம் சார்."

எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. காரணத்தை விளக்க வேண்டுமானால், இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

குழலை மடக்கும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் நசுங்கிச் சுருங்குகிறது. முழுதும் சுருங்கியதும் ட்ரிகரோடு சேர்ந்த ஒரு சிறு எஃகுக் கொக்கி, பிஸ்டனில் உள்ள பள்ளத்தில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. குண்டை வைத்துக் குழலை மூடி ட்ரிகரை இழுத்தால் கொக்கி விலகும். பிஸ்டன் முன்னே பாயும். அதன் முன்னால் உள்ள காற்று நொடிப்பொழுதில் நசுங்கி, சிறு துளை வழியாக வெளிவந்து குண்டைத் தள்ளும்.

இதில் எவ்வளவு சக்தி இருக்கிறது? 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. 20 ஜூல் என்பது ஒரு கிலோ எடைக்கல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் சக்தி. அரை கிராம் ஈயக் குண்டுக்கு அதைக் கொடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வேகம் வரும். உரிமம் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், ஸ்பிரிங்கில் அடங்கிய சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குண்டுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே மடக்கிய துப்பாக்கியின் உள்ளே இதைவிடப் பன்மடங்கு சக்தி காத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறு கொக்கியின் விளிம்பு மட்டுமே.

ஸ்பிரிங் ஏன் உடைகிறது?

ஒரே தடவை அதிகச் சுமை ஏற்றியதால் ஸ்பிரிங் உடைவது அபூர்வம். தாங்கக்கூடிய சுமையே ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் எஃகு களைத்துப்போகிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்ததே ரயில்வேதான். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் சோதனை நடத்தி, திரும்பத் திரும்ப வரும் சுமையே அச்சுகளை முறிக்கிறது என்று காட்டினார்.

சுருள்வில்லில் கம்பி முறுக்கப்படுகிறது; சுருளின் உட்பக்கத்தில்தான் அழுத்தம் மிகுதி. அங்கே ஒரு கீறலோ துருப் புள்ளியோ இருந்தால் வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப்போல வழவழப்பான வளைகோடுகள் தெரியும். அந்தப் பகுதி நாளடைவில் வெடித்தது. எஞ்சிய பகுதி சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் முறிந்தது. வரிகள் தொடங்கும் புள்ளியைத் தேடிப் பிடித்தால் குற்றவாளி பெரும்பாலும் அகப்படுவான். கம்பியை உருவாக்கும்போதே விழுந்த மடிப்பா, வெப்பப் பதனிடுகையில் நேர்ந்த தவறா, வீட்டில் ஏறிய துருவா என்பதை அந்தப் புள்ளியே சொல்லும்.

பயன்படுத்துவோர் செய்யும் தவறுகளும் உண்டு. குண்டு இல்லாமல் சுட்டால் பிஸ்டனுக்கு முன்னே காற்று மெத்தை இல்லாமல் போகிறது. அது முட்டிச் சுவரில் மோதி, ஸ்பிரிங்குக்கும் வாஷருக்கும் அடி விழுகிறது. பிஸ்டனின் முன்னே எண்ணெயை ஊற்றினால், நசுங்கிச் சூடேறிய காற்றில் அது டீசல் எஞ்சினில் எரிவதுபோல் வெடிக்கும். நாள் முழுதும் மடக்கியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்து நீளம் குறையும்.

ரயில்வேயில் என்ன செய்கிறோம்?

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அதன் பழைய வகைப் பெட்டியின் ஒவ்வொரு போகியிலும் அச்சுப் பெட்டிகளுக்கு மட்டும் எட்டு ஸ்பிரிங்குகள். அவை தயாராகும்போது சிறு எஃகு மணிகளை வேகமாக வீசி மேற்பரப்பை இறுக்குகிறார்கள். களைப்பைத் தாங்கும் ஆற்றல் இதனால் கூடுகிறது. பணிமனைக்கு வரும்போது கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, சுமை ஏற்றி உயரம் அளந்து, வகை பிரித்த பிறகே மறுபடி மாட்டுவோம்.

முக்கியமாக, ஸ்பிரிங்கில் தயாரித்தவரின் அடையாளமும் தயாரித்த மாதம், ஆண்டும் பஞ்ச் செய்யப்பட்டிருக்கும். உத்தரவாதக் காலத்தில் ஒன்று உடைந்தால் துண்டுகளைப் பத்திரப்படுத்தி, அடையாளத்தைக் குறித்து, தயாரித்தவரைக் கேள்வி கேட்போம். துண்டு இல்லாவிட்டால் கேள்வி இல்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன்.

யார் பொறுப்பு?

தக்க கருவியில் இறுக்கி வைத்துத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தேன். புதிதாகப் போட்ட ஸ்பிரிங் அந்த உருளைக்கு உரியதைவிட நீளமும் கனமுமாக இருந்தது. கொக்கியின் விளிம்பில் அரம் ஓடிய கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. இத்தகைய கொக்கிகளின் மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கடினமான தோல் ஒரு மில்லிமீட்டரிலும் குறைவான கனம். ட்ரிகர் மென்மையாக வேண்டும் என்று அதை ராவித் தள்ளிவிட்டார்கள். பிடிமானத்தைக் குறைத்து, சுமையையும் கூட்டினால் கொக்கி எப்படி நிற்கும்?

"தம்பி, கம்பெனி மேல தப்புன்னு நான் எழுதித் தர முடியாது" என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. பையன் கட்டுப் போட்ட விரலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பழைய ஸ்பிரிங் தளர்ந்ததற்குத் தயாரிப்புக் குறை காரணமா, பல வருடம் மடக்கி வைத்தது காரணமா என்பதையும் இனிச் சொல்ல முடியாது. சாட்சி பழைய இரும்பாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளால் ஏற்படும் தீங்குக்கான பொறுப்பைப் பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, குறித்த அளவுகளிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல், சரியான பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் தராமை ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் தயாரித்தவர் பொறுப்பாவார். கவனக்குறைவாகப் பழுது பார்த்தவருக்கும் பொறுப்பு உண்டு. விற்றவர் பொருளை மாற்றியமைத்திருந்தாலோ, தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டாலோ விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தீங்கு நேர்ந்தபோது பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர்மீது வழக்கு நிற்காது. ஆக, அரம் ஓடிய இடத்தில் பழுது பார்த்தவரின் பொறுப்பு தொடங்குகிறது.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. குழல் திறந்திருக்கும்போது பிஸ்டன் பாயாதபடி தடுக்கும் இரண்டாவது பூட்டு இப்போது பல துப்பாக்கிகளில் வருகிறது. பாட்டனாருடையதில் அது இல்லை. நல்ல வடிவமைப்பு என்பது மனிதர் தவறுவார் என்று எதிர்பார்த்துச் செய்வது. அமெரிக்காவில் டெய்ஸி நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்மீது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2001-ல் புகார் தொடுத்தது. அவை ஸ்பிரிங் வகையல்ல, கையால் காற்றடிக்கும் வகை. குண்டு உள்ளே சிக்கிக்கொண்டு, காலி என்று நம்பிச் சுடும்போது வெளிவருகிறது என்பது குற்றச்சாட்டு. 2003-ல் சமரசம் ஏற்பட்டு, பாதுகாப்புப் பிரசாரத்துக்காக 15 லட்சம் டாலர் செலவிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. "வாங்கியவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லி மட்டும் தயாரித்தவர் ஒதுங்கிவிட முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

துப்பாக்கி மட்டுமல்ல, குக்கர், மிக்சி, சைக்கிள் எதுவானாலும் இவை பொருந்தும்.

1. ரசீதையும் விளக்கப் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள். பழுது பார்க்கக் கொடுத்தாலும் பில் கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

2. உடைந்த பாகத்தைத் துடைக்காமல், இரு முகங்களையும் ஒட்டிப் பார்க்காமல், லேசாக எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஒட்டினால் அந்த மணல் வரிகள் அழிந்துவிடும். புகைப்படமும் எடுத்து வையுங்கள்.

3. விபத்துக்குப் பின் பொருளைச் சரி செய்யாதீர்கள். நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும்.

4. புகார் செய்ய இரண்டு ஆண்டுக் காலம் உண்டு. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஊரில் வாங்கி இங்கே கொண்டு வரும் நம்மவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தொலைபேசி எண் உள்ளது.

5. வீட்டில் ஏர் கன் இருந்தால், குண்டு வைத்து முடிக்கும் வரை மடக்கிய குழலை மறு கையால் இறுகப் பிடித்திருக்க வேண்டும். அரம் போட்ட ட்ரிகர் உள்ள துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் கையில் அது இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். கடைக்காரர் முதலில், "அந்தத் துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை" என்றார். பில் இல்லை. நல்ல வேளையாகத் தந்தையார் பணத்தைக் கைப்பேசி வழியே அனுப்பியிருந்தார். அந்தப் பதிவையும் கொக்கியையும் காட்டிய பிறகு, மருத்துவச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார். அந்தக் கொக்கியை நான் காகிதத்தில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையன் இப்போது இடக்கையால் எழுதப் பழகியிருக்கிறான். வலக்கையும் மெல்லத் தேறி வருகிறது.

இரும்பு பொய் சொல்லாது. ஆனால் அது கையில் இருந்தால்தான் பேசும். உடைந்ததை எறியும் முன் ஒரு நிமிடம் யோசிப்போமாக.